முதியோர் பராமரிப்புச் செலவு: வரியா, சந்தாவா, சொந்தச் சொத்தா?

தானாக எழ முடியாத ஒருவரைக் காலையில் எழுப்பி உட்கார வைத்து, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி முடிக்கச் சாதாரணமாக ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அவர் படுத்த படுக்கையாகிவிட்டால், புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும்தான், நான்கு மணிக்கும்தான். இதில் டாக்டர் செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. அதனாலேயே மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்குப் பணம் தருவதில்லை.

இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவருக்குச் செவிலியர் இல்லத்தில் தங்க அது அதிகபட்சம் 100 நாள்தான் தரும், அதுவும் சிகிச்சையின் தொடர்ச்சியாக இருந்தால். வெறுமனே குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வேண்டும் என்றால் அது சிகிச்சைக் கணக்கில் வராது, அவரவர் பாடு.

சரி, பொதுப்பணத்திலிருந்து ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பதில் பெரும்பாலானவர்கள் ஒத்துப்போகிறார்கள். எப்படி என்பதில்தான் சிக்கல். வரியிலிருந்து கொடுப்பதா? எல்லோரிடமும் சந்தா பிடித்துக் காப்பீடு நடத்துவதா? இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களைச் சேமிக்கச் சொல்வதா? ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு நாடு பல ஆண்டுகளாக நடத்திப் பார்த்திருக்கிறது. ஆகவே ஊகிக்க வேண்டியது குறைவு.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

எனக்கு முதல் கேள்வி, பெரிய அடியைத் தாங்குமா என்பது. பராமரிப்புத் தேவை எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. சிலர் ஒருநாளும் பிறர் கையை எதிர்பார்க்காமலே போய்விடுகிறார்கள். சிலருக்கு ஆறு மாதம். மறதி நோய் வந்த சிலருக்குப் பத்து வருடம். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கும் சேர்த்து ஒவ்வொருவரும் தனியாகச் சேமிப்பது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். சேமித்தவர்களிலும் பலருக்கு அது தேவைப்படாமல் போகும். நெருப்புக்கும் விபத்துக்கும் எதற்காகக் காப்பீடு கண்டுபிடித்தார்களோ அதே நிலைமைதான் இது.

இரண்டாவது, நடுவில் இருப்பவர் கதி. பணக்காரர் எப்படியும் சமாளிப்பார், பரம ஏழைக்குப் பல நாடுகளில் ஏதோ ஒன்று கிடைக்கும். ஒரு சிறிய வீடும் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது, பணம் வரும் வழி. வேலை செய்வோர் குறைந்து முதியவர்கள் கூடும்போதும் அந்த ஊற்று வற்றாமல் இருக்குமா?

நான்காவது, கணக்கில் வராத உழைப்பு. எல்லா நாடுகளிலும் பராமரிப்பில் பெரும்பங்கைச் செய்வது மனைவி, மகள், மருமகள். ஒரு திட்டம் "மலிவு" என்று தெரிந்தால் அந்த மலிவு யார் முதுகிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் எழுதாமல் விட்ட செலவு, 48 வயதில் வேலையை விட்ட மகளின் ஓய்வூதியத்தில் இருபது வருடம் கழித்து எட்டிப்பார்க்கும்.

ஐந்தாவது சிறியது, ஆனால் விடக்கூடாது: திட்டம் வீட்டில் இருப்பதற்கு உதவுகிறதா, முதியோர் இல்லத்துக்குத் தள்ளுகிறதா?

## வழி 1: கையிருப்பு தீர்ந்தவருக்கு மட்டும்

இங்கிலாந்தில் உங்கள் சொத்து 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவு முழுக்க உங்களுடையது. 14,250 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் சொத்தைக் கேட்காமல் விடுவார்கள், அப்போதும் வருமானத்திலிருந்து பங்கு போக வேண்டும். இல்லத்தில் சேர்ந்தால், கணவனோ மனைவியோ வீட்டில் தொடர்ந்து வசிக்காத நிலையில், வீட்டின் மதிப்பும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் வசதியற்றவர்களுக்கான அரசுத் திட்டம் மெடிக்கெய்டு: பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளுக்குக் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலருக்குமேல் இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஓரளவு விலக்கு உண்டு. ஆனால் 1993-ல் வந்த சட்டப்படி, அவருக்காகச் செலவிட்ட தொகையை, அவர் இறந்தபிறகு மாநில அரசு அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து திரும்ப வாங்க முயல வேண்டும்.

காகிதத்தில் இதுதான் சிக்கனமான வழி. இல்லாதவரிடம் பணம் நேராகப் போய்ச் சேரும், எல்லோருக்கும் கொடுத்து வீணாக்கும் பேச்சே இல்லை. இந்த வாதத்தில் நியாயம் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு வாங்கியவரும், வந்ததை வந்தபடி செலவழித்தவரும் கடைசியில் ஒரே இல்லத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். ஒருவருடைய வீடு போயிருக்கும், இன்னொருவருக்குப் போக எதுவும் இல்லை. இதைப் பார்த்த அடுத்த தலைமுறை சொத்தை முன்னாலேயே பிள்ளைகள் பேரில் எழுதி வைக்கிறது. அதைப் பிடிக்க அமெரிக்காவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதப் பரிமாற்றங்களைத் தோண்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தோண்டலைத் தாண்டிச் செல்லவே தனியாக வக்கீல்கள் இருக்கிறார்கள். முதியோர் பராமரிப்புக்கு என்று வந்த பணத்தில் ஒரு பகுதி இப்படிக் காகிதத்துக்கே போகிறது.

இன்னொன்று உண்டு. மெடிக்கெய்டில் செவிலியர் இல்லத்தில் இடம் தருவது மாநிலங்களுக்குக் கட்டாயம், வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவைகளில் பெரும்பகுதி விருப்பம். அதனால் வீட்டுச் சேவைக்குப் பல மாநிலங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. வீட்டிலேயே இருக்க விரும்புபவர், இல்லத்துக்குப் போனால்தான் உடனே உதவி என்ற நிலை.

வரம்பை உறைய வைப்பது நான் மிகவும் சந்தேகப்படும் தந்திரம். இங்கிலாந்தின் இரண்டு வரம்புகளும் 2010-லிருந்து அசையவில்லை. விலைவாசி ஏற ஏற, யாரும் சட்டம் திருத்தாமல், யாரும் வாக்களிக்காமல், திட்டம் தானாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. 2011-ல் அங்கே அரசு அமைத்த டில்னாட் ஆணையம், ஒருவர் வாழ்நாளில் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைக்கச் சொன்னது. அது பரிந்துரைத்த எண் 35,000 பவுண்டு. அரசு அதை 72,000 ஆக்கிச் சட்டம் போட்டு, 2016-ல் தொடங்குவதாகச் சொல்லித் தள்ளிவைத்தது. பிறகு 86,000 என்றார்கள். 2024 ஜூலையில் அதுவும் கைவிடப்பட்டது. நடுவே 2017 தேர்தலில், வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவரின் வீட்டு மதிப்பையும் கணக்கில் சேர்ப்போம் என்று ஆளும் கட்சி சொல்ல, எதிராளிகள் அதற்கு "டிமென்ஷியா வரி" (மறதி நோய் வரி) என்று பெயர் வைத்தார்கள். சில நாட்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று. சொத்துச் சோதனையை ஒருமுறை அடித்தளமாகப் போட்டுவிட்டால் அதன்மேல் வேறு எதையும் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தப் பதின்மூன்று ஆண்டுகள் சாட்சி.

எப்போது இது சரி: வரி வருமானம் மிகக் குறைந்த அரசு, இப்போதே தெருவில் நிற்பவர்களுக்கு மட்டுமாவது ஏதாவது செய்ய வேண்டும் என்றால். அல்லது வேறொரு முறைக்கு அடியில் விரித்த வலையாக. ஜெர்மனி உட்படக் காப்பீட்டு நாடுகளிலும் இப்படி ஒரு வலை அடியில் இருக்கிறது.

## வழி 2: வரியிலிருந்து எல்லோருக்கும்

டென்மார்க்கிலும் சுவீடனிலும் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு. உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை, என்ன முடியவில்லை என்று கேட்கிறார்கள். டென்மார்க்கில் நிரந்தரமாகத் தேவைப்படும் வீட்டு உதவிக்குக் கட்டணம் இல்லை. சுவீடனில் சிறு கட்டணம் உண்டு, மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2002-லிருந்து உச்சவரம்பும் உண்டு. ஸ்காட்லாந்து அதே 2002-ல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குளிப்பாட்டுதல், ஊட்டுதல் போன்ற உடல் பராமரிப்பை இலவசமாக்கியது. இல்லத்தின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதில் சேராது என்பதைப் பலர் இல்லத்தில் சேரும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். தைவான் முதலில் காப்பீட்டை யோசித்தது. ஆட்சி மாறியபின் 2017-ல் வரி வழிக்கு வந்து, வாரிசுச் சொத்து வரியையும் புகையிலை வரியையும் உயர்த்தி அந்தப் பணத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கியது.

இதன் பெரிய பலம், சந்தா கட்டிய சரித்திரம் தேவையில்லை என்பது. வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை செய்த பெண்ணும், பதிவில்லாத கூலி வேலை செய்தவரும் அதே உரிமையோடு வருவார்கள். இன்னொரு பலம், ஒரே அமைப்பு வீட்டு உதவிக்கும் இல்லத்துக்கும் பணம் கட்டுவதால், ஒருவரை வீட்டில் நிற்க வைப்பதில் அதற்கே லாபம். டென்மார்க் 1980-களின் இறுதியிலேயே பழைய பாணி இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்தி, முதியவர்களுக்கான குடியிருப்புகள் பக்கம் போனது சும்மா இல்லை.

பலவீனம், பட்ஜெட். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி வாங்க வேண்டும். வரவு இறுகும்போது யாரும் "திட்டம் ரத்து" என்று அறிவிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை வீடு துடைத்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகும், அப்புறம் மூன்று வாரம். தகுதி மதிப்பீடு கறாராகும். விட்டுப்போன மணிகளை யார் ஏற்கிறார்கள் என்றால், அதே மகள். உள்ளாட்சிக்கு உள்ளாட்சி சேவை வேறுபடுவதும் இதோடு ஒட்டிய தொல்லை.

எப்போது இது சரி: முறையான சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பாளிகள் அதிகம் உள்ள நாட்டிலும், உள்ளாட்சிகள் திறமையாக நடக்கும் நாட்டிலும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம் என்பதுதான் இதில் சங்கடம்.

## வழி 3: கட்டாயச் சந்தா, எல்லோருக்கும் உரிமை

நெதர்லாந்து 1968-லேயே தொடங்கியது. ஜெர்மனி 1995, ஜப்பான் 2000, தென்கொரியா 2008.

ஜெர்மனி தொடங்கியபோது சந்தா சம்பளத்தில் 1 சதவீதம். தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. முதலாளிகளின் பங்கைச் சரிக்கட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒரு பொது விடுமுறை நாளை ரத்து செய்து அன்று எல்லோரும் வேலைக்கு வரட்டும் என்றார்கள். நவம்பரில் வரும் ஒரு கிறிஸ்தவ நோன்பு நாள் அப்படித்தான் விடுமுறைப் பட்டியலிலிருந்து போயிற்று. சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையை வைத்துக்கொண்டது. அங்கே தொழிலாளிகள் இன்றுவரை மற்ற மாநிலத்தவரைவிடக் கூடுதல் பங்கு கட்டுகிறார்கள். பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்தோ வருவதில்லை என்பதை இவ்வளவு நேர்மையாக ஒரு நாடு காட்டியதாக எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

2025-ல் அந்தச் சந்தா 3.6 சதவீதம். பிள்ளை இல்லாதவர்களுக்கு மேலும் 0.6. பிள்ளை வளர்ப்பவர்கள் நாளைய சந்தாதாரர்களையும் சேர்த்து வளர்க்கிறார்கள், ஆகவே இருவரிடமும் ஒரே தொகை வாங்குவது சரியல்ல என்று 2001-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. பிள்ளை பெற முடியாதவர்களுக்கு இது எப்படி வலிக்கும் என்ற விவாதம் தனி.

ஜப்பான் வேறு மாதிரி கலவை. செலவில் பாதி சந்தா, பாதி வரி. 40 வயதிலிருந்துதான் சந்தா. பெற்றோர் தளர ஆரம்பிக்கும் வயது அது, எதற்குக் கட்டுகிறோம் என்று கேட்கத் தோன்றாது. 65 தாண்டியவர்களும் தொடர்ந்து கட்டுகிறார்கள். சேவை பெறும்போது கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, வசதியுள்ளவர் என்றால் 20 அல்லது 30 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து சந்தாவையும் சேவைகளையும் திருத்துகிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் சராசரி மாதச் சந்தா தொடக்கத்தில் 2,911 யென்னாக இருந்தது, 2024-ல் தொடங்கிய மூன்றாண்டுச் சுற்றில் 6,225 யென். ஏறக்குறைய கால் நூற்றாண்டில் இரட்டிப்புக்கு மேல். இருந்தும் மக்கள் கட்டுகிறார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டு வாசலில் பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் வேன் வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இதுதான் சந்தா முறையின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். தனிப் பெயர் போட்ட பணம், தனிப் பெட்டி. நிதியமைச்சர் நினைத்தபடி கைவைக்க முடியாது. "கட்டினேன், கொடு" என்று முதியவர் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

மறைமுகச் செலவுகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் காப்பீடு முழுச் செலவுக்கு அல்ல, நிலைக்கு ஏற்ற குறிப்பிட்ட தொகைக்கு மட்டும். 1996-லிருந்து 2008 வரை அந்தத் தொகைகளை உயர்த்தவே இல்லை. பராமரிப்பாளர் சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது. இயந்திரம் வைத்து ஒருவரை இரண்டு மடங்கு வேகமாகக் குளிப்பாட்ட முடியாதே, ஆகவே இந்தத் துறையில் செலவு எப்போதும் பொது விலைவாசியைத் தாண்டியே ஓடும். விளைவு, இல்லத்தில் இருப்பவரின் சொந்தப் பங்கு வீங்கிக்கொண்டே போயிற்று. எவ்வளவு நாள் தங்குகிறாரோ அதற்கேற்பக் கூடும் ஒரு கழிவை 2022-லிருந்து சேர்த்தார்கள். அது நல்ல திருத்தம், பெரிய அடி விழும் இடத்தில் கை கொடுக்கிறது. நெதர்லாந்துக்கு எதிர்ப்பக்கச் சிக்கல்: தாராளம் கூடிப்போய்ச் செலவு பெருக, 2015-ல் பழைய சட்டத்தையே மாற்றி, இல்லம் தேவைப்படும் கடுமையான நிலையை மட்டும் காப்பீட்டில் வைத்துக்கொண்டு மீதியை உள்ளாட்சிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிரித்துவிட்டார்கள்.

எப்போது இது சரி: சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நன்றாக ஓடும் நாட்டில். தென்கொரியா மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவோடு இதையும் சேர்த்தே பிடிக்கிறது, தனி வசூல் அமைப்பு தேவைப்படவில்லை.

## வழி 4: முன்கூட்டிச் சேர்த்து, அளந்த தொகை

சிங்கப்பூரின் கேர்ஷீல்டு லைஃப் 2020-ல் வந்தது. 1980-லோ அதற்குப் பின்போ பிறந்த குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் கட்டாயம். 30 வயதிலிருந்து 67 வரை பிரீமியம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல் முதலான ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் ரொக்கம், தொடக்க ஆண்டில் 600 சிங்கப்பூர் டாலர். முக்கியமானது, அந்த நிலை நீடிக்கும்வரை, ஆயுள் முழுக்கக் கிடைக்கும். முன்பிருந்த எல்டர்ஷீல்டு 2002-ல் 300 டாலராக 60 மாதத்துக்கு மட்டும் தந்தது. 61-ஆம் மாதத்தில் நின்றுபோகும் காப்பீடு, பெரிய அடியைத் தாங்கும் காப்பீடு அல்ல. அதைப் புரிந்துகொண்டு மாற்றினார்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பெண்கள் அதிகக் காலம் வாழ்வதால் பிரீமியமும் அதிகம்: 2020-ல் 30 வயது ஆணுக்கு ஆண்டுக்கு 206 டாலர், பெண்ணுக்கு 253. பராமரிப்பை அதிகம் செய்பவர்களே அதற்கு அதிகம் கட்டவும் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் எதிர்த்திசையில் போனது. 2023 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடித்து, வாழ்நாளில் மொத்தம் 36,500 டாலர் வரை தருவது திட்டம். அந்தத் தொகை சில மாதங்களுக்கோ, வீட்டில் சிக்கனமாக என்றால் சற்று அதிகமாகவோ தாங்கும். பலருக்கும் கொஞ்சம் கிடைக்கும், அதனால் அரசியலில் பிடிமானம் உண்டு. 2024 நவம்பரில் இதை விருப்பத் திட்டமாக்கும் முன்மொழிவை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஆனால் பத்து வருட மறதி நோய்க்கு முன்னால் 36,500 டாலர் ஆற்றில் கரைத்த புளி.

இந்த வழியின் நன்மை, ஒவ்வொரு தலைமுறையும் பெருமளவு தனக்குத் தானே கட்டிக்கொள்வது. தீமை, காலம். 30 வருடம் சேர்த்தால்தான் நிறையும் பானை, ஏற்கெனவே முதுமை சூழ்ந்துவிட்ட நாட்டுக்குத் தாகம் தீர்க்காது.

## விருப்பம்போல் தனியார் காப்பீடு?

விரும்பியவர் வாங்கட்டும், அரசு வரிச்சலுகை தரட்டும் என்பதும் அடிக்கடி வரும் யோசனை. நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. தேவை வரும் என்று சந்தேகப்படுபவரே வாங்குவார், பிரீமியம் ஏறும், ஆரோக்கியமானவர் விலகுவார், மேலும் ஏறும். அமெரிக்கா 2010-ல் கிளாஸ் என்ற பெயரில் விருப்பச் சந்தாவோடு ஓர் அரசுத் திட்டத்தையே சட்டமாக்கியது. கணக்கு உதைக்கிறது என்று 2011-ல் அரசே ஒப்புக்கொண்டது, 2013 தொடக்கத்தில் சட்டம் நீக்கப்பட்டது. ஒரு பிரீமியம்கூட வசூலாகவில்லை.

## பணமாகவா, ஆளாகவா?

நிதி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பேசிவிட்டு, எந்த வடிவில் வீட்டுக்குள் நுழைகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் நான்கு வழிகளுக்கு நடுவே தேர்வு செய்வதைப்போலவே இதுவும் பெரியது.

ஜெர்மனியில் இரண்டாம் நிலைத் தேவை உள்ளவர், 2025 நிலவரப்படி, சேவையாக வாங்கினால் மாதம் 796 யூரோ வரை. ரொக்கமாக வாங்கிக்கொண்டு குடும்பமே பார்த்துக்கொண்டால் 347 யூரோ. பாதிக்கும் குறைவு. இருந்தும் ரொக்கத்தைத் தேர்பவர்கள் மிக அதிகம். அரசுக்கு லாபம், குடும்பத்துக்குச் சுதந்திரம். பார்த்துக்கொள்ளும் மகளுக்குக் குறிப்பிட்ட நிபந்தனைகளின்கீழ் ஓய்வூதியச் சந்தாவையும் பராமரிப்புக் காப்பீடே கட்டுகிறது. மேலே சொன்ன அந்த 48 வயது மகள் நினைவிருக்கிறாரா? அவருக்காக வைத்த பிரிவு இது.

ஜப்பானில் இதே விவாதம் திட்டம் தொடங்கும் முன்பே நடந்தது. ரொக்கம் கொடுத்தால் அது மாமனார் கைக்குப் போகும், வேலை மருமகள் தலையிலேயே இருக்கும் என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின. ரொக்கம் வேண்டாம் என்றே முடிவாயிற்று. சேவை மட்டும்: ஆள் வருவார், வேன் வரும், சில நாள் தங்க வைக்கும் இல்லம் இருக்கும். தென்கொரியா இரண்டுக்கும் நடுவில் நின்றது. முறைப்படி பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய பராமரிப்பாளர் தன் சொந்தத் தாயைப் பார்த்துக்கொண்டாலும் அளவான மணி நேரத்துக்கு ஊதியம் உண்டு.

ஆட்கள் கிடைக்காத நாட்டில் சேவை உரிமை வெறும் காகிதம். அங்கே ரொக்கம்தான் நடக்கும், ஆனால் மகளின் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆட்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் கூடவே இருந்தால் சேவையே மேல்.

தகுதி மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 74 கேள்விகளோடு அலுவலர் வீட்டுக்கு வருவார். நின்று காட்டச் சொல்வார், பட்டன் போட முடிகிறதா என்று கேட்பார். எந்த நாட்டிலும் நடக்கும் காட்சி இது: தினமும் மூன்று பேர் தூக்கினால்தான் எழும் அம்மா, வெளியாள் வந்த அந்த அரைமணி நேரத்துக்கு வைராக்கியமாகத் தானே எழுந்து நிற்பார். "எனக்கு என்ன குறை, எல்லாம் நானே செய்கிறேன்" என்பார். பின்னால் நிற்கும் மகள் கண்ணால் ஜாடை காட்டுவார். அலுவலர் எதை எழுதுகிறார் என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் அடுத்த மூன்று வருடம் இருக்கிறது. குடும்பத்தாரிடம் தனியாகப் பேசும் பகுதியும், மறுபரிசீலனைக்கு எளிய வழியும் இல்லாத திட்டம் எந்த நிதியில் ஓடினாலும் பாதித் திட்டம்தான்.

## ஒரே பார்வையில்

| | சொத்துச் சோதனை | வரி | கட்டாயச் சந்தா | முன்சேமிப்பு |
|---|---|---|---|---|
| உதாரணம் | இங்கிலாந்து, அமெரிக்கா | டென்மார்க், சுவீடன், தைவான் | ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா | சிங்கப்பூர், வாஷிங்டன் மாநிலம் |
| பெரிய அடி | சொத்து கரைந்தபின் தாங்கும் | தாங்கும் | பெரும்பகுதி தாங்கும் | ஆயுள் முழுக்க என்றால் ஓரளவு, மொத்தத் தொகை என்றால் இல்லை |
| நடுத்தரக் குடும்பம் | அதிகம் இழக்கும் | காக்கப்படும் | காக்கப்படும், சொந்தப் பங்கு உண்டு | பகுதி உதவி |
| பதிவில்லா உழைப்பாளி | தகுதி பெறலாம் | தகுதி உண்டு | வரி உதவி இல்லாவிட்டால் விடுபடலாம் | விடுபடலாம் |
| முதுமை கூடும்போது | செலவு குடும்பத்துக்குத் தள்ளப்படும் | பட்ஜெட் நெருக்கடி | சந்தா ஏறும் | ஓரளவு தாங்கும் |
| மறைமுகச் செலவு | வக்கீல், சொத்து மாற்றம், காத்திருப்பு | மணி நேரம் மெல்லக் குறைவது | தொகை உயராமல் நிற்பது | பணவீக்கம், பெண்ணுக்குக் கூடுதல் பிரீமியம் |

## எந்த நிலையில் எதை

சம்பளச் சீட்டு உள்ளவர்கள் பெரும்பான்மை என்றால், நான் ஜப்பான் மாதிரிக் கலவையையே தேர்வேன்: பாதி சந்தா, பாதி வரி. சந்தா பெட்டியைக் காக்கிறது, வரி விடுபட்டவர்களை உள்ளே இழுக்கிறது. சந்தாவை மட்டும் நம்பினால் முழுச் சுமையும் வேலை செய்யும் இளைஞர் சம்பளத்தில் ஏறும், சொத்து வருமானம் தப்பித்துக்கொள்ளும்.

பதிவில்லாத வேலைகளே அதிகம் என்றால் சந்தா முறை பாதிப் பேரைக்கூட எட்டாது. அங்கே வரி வழிதான். ஆனால் தைவான் செய்ததுபோல ஒதுக்கிவைத்த வரியாக இருக்கட்டும், பொதுப் பட்ஜெட்டில் கரையவிடக் கூடாது. வாரிசுச் சொத்து வரியை இதற்குப் பயன்படுத்துவதில் எனக்குத் தனிப்பட ஒரு சாய்வு உண்டு. சொத்துச் சோதனையில் துரதிருஷ்டசாலியின் வீடு மட்டும் போகிறது. வாரிசு வரியில் விட்டுச் செல்லும் எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் போகிறது.

பணம் குறைவு, எல்லாவற்றுக்கும் போதாது என்றால் எதை முதலில் தருவது? முதல் சில மாதத்தையா, நீண்டு போகும் பிற்பகுதியையா? முன்பகுதி கொடுத்தால் பலர் கையில் பணம் தெரியும், வாக்கு விழும். பின்பகுதி கொடுத்தால் சிலருக்கே கிடைக்கும், ஆனால் குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவரும் சுமை அங்கேதான் இருக்கிறது. முதல் ஆறு மாதத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் எப்படியோ தள்ளிவிடும். ஆறாவது வருடத்தைத் தள்ள முடியாது. நான் பின்பகுதிக்கே வாக்களிப்பேன்.

முன்சேமிப்பு, மக்கள்தொகை இன்னும் இளமையாக இருக்கும் நாட்டுக்கு மட்டும். அங்கேயும் தனியாக அல்ல, கூடுதல் அடுக்காக.

## ஏற்கெனவே படுக்கையில் இருப்பவர்?

எந்த வரைவைப் படித்தாலும் நான் முதலில் தேடும் பக்கம் இது. தொடங்கும் நாளில் 80 வயதானவர் ஒரு சந்தாவும் கட்டியிருக்க மாட்டார். ஜெர்மனி 1995 ஏப்ரலில் வீட்டுப் பராமரிப்புக்குத் தரத் தொடங்கியபோது அவர்களையும் உள்ளே எடுத்துக்கொண்டது. நடப்புச் சந்தாவிலிருந்தே கொடுத்ததால் அது முடிந்தது. சிங்கப்பூரில் 1979-லோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்குக் கேர்ஷீல்டு கட்டாயமில்லை, சேர விரும்பினாலும் ஏற்கெனவே கடுமையாக முடங்கியவர் சேர முடியாது. அவர்களுக்குத் தனி உதவித் திட்டம் வைக்க வேண்டியிருந்தது. வாஷிங்டனில் 1968-க்கு முன் பிறந்தவருக்குக் கட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்தில் ஒரு பங்குதான் தகுதி, அப்போதே ஓய்வு பெற்றிருந்தவருக்கு எதுவும் இல்லை. உங்கள் முன்னால் வைக்கப்படும் திட்டத்தில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால், இன்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் போடுபவருக்கு அதில் ஒன்றும் இல்லை.